திருகாணியில் கை வைக்க முன்...

 

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் தையல் மெஷின் வைத்திருக்கிறவர்களும், சுயதொழில் என்று சொல்லி தையல் மெஷின் பகிர்ந்து கொடுக்கிறவர்களும் கடைசி வரை வாசித்தால் நல்லது.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹட்டன், டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவ பக்கத்து லயங்களில் பொலித்தீன் போர்த்தி மூலையில் வைத்திருக்கும் மெஷின்களைப் பார்த்திருப்பீர்கள். நான் திறந்து பார்த்தவற்றில் பெரும்பாலானவை பழுதான மெஷின்கள் இல்லை. நூல் போக வேண்டிய வழியில் போகவில்லை, அவ்வளவுதான். அது எங்கே பிழைத்தது என்று கண்டுபிடிக்கத் தெரியாததால் ஒரு வீட்டின் தொழில் நின்று போயிருக்கிறது. இதை அந்தப் பெண்களின் குறை என்று நான் சொல்ல மாட்டேன். மெஷினைக் கொடுத்தோம், தைக்கப் பழக்கினோம், ஃபோட்டோ எடுத்தோம். நூல் சிக்கினால் என்ன செய்வது என்று மட்டும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

நான் மனைப் பொருளியல் படிப்பிக்கிறவள். மாணவிகளின் அம்மாமார் பாடசாலைக்கு வந்தால் பிள்ளையின் புள்ளிகளைப் பற்றிப் பேசி முடித்துவிட்டு, போகிற நேரத்தில் மெல்லக் கேட்பது இதைத்தான்: "டீச்சர், பூ போட்டா அடியில நூல் கூடு கட்டுது. என்னா செய்யிறது?"

சின்னக் கேள்வி மாதிரித்தான் தெரியும். ஆனால் கணக்குப் பாருங்கள். தோட்டத்தில் பூ வேலை செய்கிறவர்களுக்கு வருடம் முழுக்க ஓடர் வராது. தவணை தொடங்கும்போது பாடசாலை பெட்ஜ், தீபாவளிக்கு முன் சாரி ப்ளவுஸ் கை, நோன்புப் பெருநாளைக்கு முன் அபாயா கைவிளிம்பு, திருவிழாக் காலத்தில் கோயில் துணிகள். அந்த இரண்டு மூன்று கிழமையில் மெஷின் நின்றால் ஓடர் டவுனுக்குப் போய்விடும். அடுத்த வருடமும் டவுனுக்கே போகும்.

மெஷினைத் திருத்த டவுனுக்குக் கொண்டுபோனால் அன்றைக்கு மலைக்குப் போக முடியாது, ஒரு நாள் பேர் போச்சு. பாரத்தைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற முடியாவிட்டால் ஆட்டோக் கூலி. ஆயிரம் ரூபா நாட்சம்பளம் என்ற ஒன்றுக்காக எத்தனை வருடம் கத்தி, 2021இல்தான் அது கைக்கு வந்தது என்பது நமக்குத் தெரியும். அப்படிப்பட்ட ஒரு நாள் சம்பளம், திருத்துக் கூலி கொடுக்கிறதுக்கு முன்னமே கரைந்துவிடுகிறது. மெஷின் தவணைக்கோ நுண்கடனிலோ எடுத்ததாக இருந்தால் இன்னும் மோசம். மெஷின் நிற்கும், தவணை நிற்காது.

இவ்வளவும் பல நேரங்களில் எதற்காக? ஒரு தேய்ந்த ஊசிக்காக. அல்லது தட்டுக்குள் உட்காராத ஒரு நூலுக்காக.

*அடியில் தெரியும் சிக்கல், மேலே இருக்கும் காரணம்*

மெஷின் தையல் இரண்டு நூலால் ஆனது. மேல் நூல் கட்டையிலிருந்து புறப்பட்டு, இரண்டு டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே நுழைந்து, மேலும் கீழும் ஆடும் நூல் கம்பியில் ஏறி, ஊசிக் காதுக்கு வருகிறது. கீழ் நூல் பொபினில் இருக்கிறது. ஊசி துணிக்குள் இறங்கி இலேசாக மேலே எழும்பும்போது நூல் ஒரு வளையம் போடும். கீழே இருக்கும் கொக்கி அந்த வளையத்தைப் பிடித்துப் பொபினைச் சுற்றி எடுத்துப் போகும். அதன் பிறகு நூல் கம்பி மேலே எழும்பி, மிஞ்சிய நூலை இழுத்துக்கொள்ளும். இதுதான் ஒரு தையல்.

இப்போது யோசியுங்கள். மேல் நூலைத் தட்டு இறுக்கிப் பிடிக்காவிட்டால் என்ன நடக்கும்? நூல் தாராளமாக இறங்கிக்கொண்டே இருக்கும், நூல் கம்பி எவ்வளவு இழுத்தாலும் தையல் இறுகாது. மிஞ்சின நூல் முழுக்கத் துணிக்கு அடியில் சேர்ந்து குருவிக்கூடு மாதிரிச் சுருண்டு கிடக்கும்.

கூடு அடியில் இருக்கிறதால் எல்லோரும் பொபினில்தான் குற்றம் பிடிக்கிறார்கள். பொபின் கேஸைக் கழற்றி, அதிலுள்ள சின்னத் திருகாணியைத் திருப்புகிறார்கள். சரிவரவில்லை. அடுத்தது மேலே உள்ள டென்ஷனைத் திருப்புகிறார்கள். அதுவும் சரிவரவில்லை. ஒரு பிழையோடு இருந்த மெஷினில் இப்போது மூன்று பிழை. கடைசியில் திருத்தும் பாஸிடம் போகும்போது அவருக்கே முதலில் என்ன பிழைத்தது என்று கண்டுபிடிக்கக் கஷ்டம்.

அதனால் என் கருத்து இதுதான்: டென்ஷன் திருகாணி முதல் மருந்தாக இருக்கவே கூடாது, கடைசி மருந்தாக மட்டும் இருக்கட்டும். நேற்று வரை ஒழுங்காக ஓடின மெஷினின் திருகாணி இரவோடு இரவாகத் தானே திரும்பியிருக்காது. வேறு ஏதோ மாறியிருக்கிறது. அதைத்தான் தேட வேண்டும்.

*தேடுகிற ஒழுங்கு*

சாதாரண மெஷினில் வளையம் போட்டுப் பூ வேலை செய்கிறவர்களுக்கும், வீட்டுப் பாவனைக்கான சின்னக் கம்ப்யூட்டர் எம்ப்ரொய்டரி மெஷின் வைத்திருக்கிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒவ்வொன்றுக்கும் பிறகு வெட்டுத் துண்டில் தைத்துப் பாருங்கள். இரண்டு மூன்றை ஒன்றாக மாற்றினால் எது சரிப்படுத்தியது என்று கடைசி வரை தெரியாது.

1. நூலை முழுக்க எடுத்துவிட்டுத் திரும்பக் கோருங்கள். எடுக்கும்போது கட்டைப் பக்கம் பின்னுக்கு இழுக்காதீர்கள். கட்டையடியில் வெட்டி, ஊசிப் பக்கமாக இழுத்து எடுங்கள். இல்லாவிட்டால் நூல் துகள் தட்டுக்குள் தங்கிவிடும். கோரும்போது துணியை அழுத்தும் 'ஃபுட்' கட்டாயம் மேலே இருக்க வேண்டும். ஃபுட் மேலே இருந்தால்தான் தட்டு இரண்டும் விலகி நூலை உள்ளே விடும். கீழே இருந்தால் தட்டு மூடியிருக்கும், நூல் அதன் மேலே சும்மா கிடக்கும். பார்வைக்குக் கோர்த்த மாதிரியே இருக்கும். சரிபார்க்க இலேசான வழி: ஃபுட்டை இறக்கி ஊசிக்குக் கிட்ட நூலை இழுத்துப் பாருங்கள், இறுக்கமாக வர வேண்டும். ஃபுட்டைத் தூக்கி இழுங்கள், வழுக்கிக்கொண்டு வர வேண்டும். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் நூல் தட்டுக்குள் இல்லை, அல்லது தட்டுக்குள் தூசி.

வளையத்தில் துணியை இறுக்கி, ஃபுட்டைக் கழற்றிவிட்டுப் பூ போடுகிறவர்கள் இதைக் கவனமாக வாசியுங்கள். ஃபுட் இல்லையென்றாலும் அதைத் தூக்கி இறக்கும் பின்பக்கக் கைப்பிடியைத் தைக்க முன் கீழே இறக்க வேண்டும். ஃபுட் இல்லைதானே என்று அதை மேலேயே விட்டுவிட்டால் டென்ஷனே இருக்காது. முதல் பத்துத் தையலிலேயே கூடு கட்டிவிடும். நான் பார்த்த கூடுகளில் பாதி இந்தக் கைப்பிடியால் வந்தவை என்றே சொல்வேன்.

2. ஊசியை மாற்றுங்கள். நூலின் ஒரு துண்டு, தையலாகத் துணியில் உட்கார முன் ஊசிக் காதுக்குள்ளால் பல பத்துத் தடவை போய் வருகிறது. காதில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிசிர் இருந்தால் போதும், நூல் பஞ்சு பஞ்சாகப் பிய்ந்து அறும். எட்டு மணித்தியாலம் அளவு தைத்தால் ஊசி மாற்றுவது நல்ல பழக்கம். ஊசி உடையும் வரை பாவிக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. வழக்கமான 40ஆம் இலக்க எம்ப்ரொய்டரி நூலுக்கு 75/11 ஊசி பொருந்தும். ஜரிகை மாதிரி மினுங்கும் நூலுக்குக் காது பெரிய 90/14 ஊசி போட்டு, வேகத்தையும் குறையுங்கள். ஊசியை முழுக்க மேலே தள்ளி, தட்டைப் பக்கம் உங்கள் மெஷினுக்குரிய திசையைப் பார்க்கும்படி இறுக்குங்கள்.

3. நூல் கட்டையைப் பாருங்கள். கட்டை விளிம்பில் இருக்கும் வெட்டில் நூல் மாட்டிக்கொள்வது அடிக்கடி நடக்கும். பெரிய கூம்புக் கட்டை நூலைச் சின்னக் கட்டைக் கம்பியில் படுக்க வைத்தால் நூல் இழுபட்டு அறும். அதை மெஷினுக்குப் பின்னால் ஒரு கப்புக்குள் நிறுத்தி, நூல் நேராக மேலே எழும்பி ஒரு கொக்கி வழியாக வரும்படி வையுங்கள். தையல் பெட்டியில் அம்மா காலத்து நூல் இருந்தால் கையால் இழுத்துப் பாருங்கள். பட்டென்று அறுந்தால் அது குப்பைக்குரிய நூல்.

4. இப்போது பொபின். ஒரே சீராகச் சுற்றியிருக்கிறதா? நூல் கேஸில் இருக்கும் தகட்டு ஸ்பிரிங்குக்கு அடியால் வருகிறதா? பொபின் அந்த மெஷினுக்குரியதா? பார்க்க ஒன்று மாதிரி இருக்கும் பொபின்கள் உயரத்தில் வித்தியாசப்படும். கழற்றக்கூடிய இரும்புக் கேஸ் என்றால் நூல் நுனியைப் பிடித்துக் கேஸைத் தொங்க விடுங்கள். சும்மா தொங்க வேண்டும். கையை இலேசாக உதறினால் கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும். கடகடவென்று நிலத்துக்கு ஓடினால் தளர்வு. உதறியும் அசையாவிட்டால் இறுக்கம். அப்போதும் திருகாணிக்குப் போக முன் ஸ்பிரிங்குக்கு அடியில் தூசி இருக்கிறதா என்று ஒரு தடித்த தாளின் மூலையை விட்டு எடுத்துப் பாருங்கள்.

5. ஊசித் தகட்டைக் கழற்றித் துப்புரவு செய்யுங்கள். சின்னத் தூரிகை போதும். வாயால் ஊதாதீர்கள், மூச்சு ஈரம் இரும்பில் படியும். கொக்கி ஓடும் இடத்தில் ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டு (எண்ணெய் விடக்கூடாத மெஷின்களும் உண்டு, அவற்றில் வேண்டாம்), மிஞ்சினதைத் துணித் துண்டில் தைத்து எடுத்துவிடுங்கள்.

6. இவ்வளவுக்கும் பிறகும் சரியில்லை என்றால் மட்டும் மேல் டென்ஷன். திருப்ப முன் இப்போது இருக்கும் இடத்தைப் பேனாவால் அடையாளம் போடுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, துணியின் பின்பக்கத்தைப் பாருங்கள். அடர்த்தியாக நிரப்பிய பூவிதழின் பின்பக்கத்தில் நடுவே மூன்றில் ஒரு பங்கு அகலத்துக்குப் பொபின் நூலும், இரண்டு ஓரத்திலும் மேல் நூலும் தெரிந்தால் அதுதான் சரி. சாதாரண தையல் மாதிரி இரண்டு நூலும் துணியின் நடுவில் பூட்டுப்பட வேண்டும் என்று எம்ப்ரொய்டரியில் எதிர்பார்க்கக் கூடாது. பொபின் நூல் மேல்பக்கம் எட்டிப் பார்த்தால் மேல் நூல் இறுக்கம், அல்லது கீழ் நூல் தளர்வு.

கம்ப்யூட்டர் மெஷின்காரர்களுக்கு இன்னும் ஒன்று. நூல் எங்கே அறுகிறது என்று கவனியுங்கள். எப்போதும் டிசைனின் ஒரே இடத்தில் அறுந்தால் அந்த இடத்தில் தையல் நெருக்கம் அதிகம், டிசைனில்தான் கோளாறு. எங்கே என்று இல்லாமல் அறுந்தால் ஊசி, நூல், நூல் வழி. துணி வளையத்தில் தளர்ந்து ஊசியோடு சேர்ந்து குதித்தாலும் நூல் அறும். அடியில் தாள் வைத்து இறுக்கிப் பூட்டுங்கள்.

*நம்ம மலைக்கே உரிய பிழைகள்*

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியஸுக்குக் கீழே உறைந்துவிடும். இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். மெஷின் எண்ணெய் இல்லை என்று சமையலறை எண்ணெயை விட்டால், நம்ம குளிரில் காலையில் அது மெழுகு. கொழும்பில் உறையாவிட்டாலும் நாளடைவில் பிசினாகி ஒட்டும். பாரமாகச் சுற்றும் மெஷினில் நூல் அறுவது ஆச்சரியமா?

மழைக்காலத்து ஈரம் அடுத்தது. ரேயோன் நூல் ஈரப்பட்டால் பலம் நன்றாகக் குறையும். பொலியெஸ்டர் அப்படி இல்லை. லயத்துக் காம்பராவில் சுவரோரமாக நூலை வைக்காமல் மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். மெஷினைப் பொலித்தீனால் இறுக்கிக் கட்டுவதும் நல்லதில்லை. உள்ளே வேர்த்து ஊசித் தகடும் கொக்கியும் துருப்பிடிக்கும். அந்தத் துருவில் நூல் உரசி அறும். பழைய சேலைத் துணியால் போர்த்துங்கள், காற்றுப் போகட்டும். அடுப்புப் புகை படும் இடத்தில் மெஷின் இருந்தால், புகையும் எண்ணெயும் பஞ்சும் சேர்ந்து டென்ஷன் தட்டில் படை படையாக ஒட்டும்.

எந்த நாட்டிலோ அச்சடித்த கையேட்டில் இதெல்லாம் இருக்காது. என் கண்ணில் பட்ட கையேடுகளில் தமிழே இல்லை. 1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியாகிவிட்டது. ஆனால் பயனாளிக்கு மெஷினோடு வருவது ஆங்கிலக் கையேடு. அது மெஷின் பெட்டிக்குள்ளேயே உக்கிப் போகிறது.

*ஓட்டுவது அவள், திருத்துவது யார்?*

ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டது 1867இல். சிங்கர் கம்பனி இலங்கையில் காலடி வைத்தது 1877இல். பத்து வருட வித்தியாசம்தான். தையல் மெஷின் இந்த நாட்டுக்குப் புதிது இல்லை.

1978இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் திறந்தது. 1986இல் ஆடை ஏற்றுமதி வருமானம் தேயிலையைத் தாண்டியது. 1992இல் 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டத்தோடு கார்மென்ட்ஸ் கிராமப்புறங்களுக்கும் வந்தது. லயத்திலிருந்து போன நம்ம பிள்ளைகள் அங்கேயும் ஒரு லைனில்தான் உட்கார்ந்தார்கள். ஜூக்கி மெஷினில் வருடக்கணக்காகத் தைத்தார்கள். ஆனால் நூல் சிக்கினால் அங்கே ஒபரேட்டர் கையை உயர்த்த வேண்டும், மெக்கானிக் வருவார். அவளுடைய வேலை தைப்பது. திறப்பதும் திருப்புவதும் அவளுடைய வேலை இல்லை. பெரும்பாலும் ஓட்டுகிறவள் பெண், திருத்துகிறவர் ஆண்.

கல்யாணம் முடித்து ஊருக்குத் திரும்பும்போது அவள் கையில் வேகம் இருக்கிறது, நேர்த்தி இருக்கிறது. நூல் அறுந்தால் மட்டும் கையை உயர்த்துகிறாள். லயத்தில் மெக்கானிக் இல்லை. தைக்கத் தெரிந்தவளின் மெஷினே பொலித்தீனுக்குள் போவது இப்படித்தான்.

*மறுப்புச் சொல்கிறவர்களுக்கு*

"தெரியாதவர்கள் திறந்தால் மெஷின் நாசமாகும், பாஸ்மாரின் வேலையில் ஏன் கை வைக்கிறீர்கள்" என்று சிலர் சொல்கிறார்கள். எல்லையை நானும் ஒத்துக்கொள்கிறேன். புது ஊசி போட்டும் தையல் விட்டு விட்டு விழுந்தால், ஊசி கொக்கியில் இடித்தால், அது ஊசியும் கொக்கியும் சந்திக்கும் நேரம் பிழைத்ததன் அடையாளம். அது பாஸின் வேலை. மோட்டர், சர்க்யூட் போர்ட் எல்லாமே அவருடையவைதான். மேலே சொன்ன ஆறும் அப்படியில்லை. விளக்குத் திரி தட்டிவிடவும் அடுப்புச் சாம்பல் அள்ளவும் யாரும் கொத்தனாரைக் கூப்பிடுவதில்லை. உண்மையில், திருகாணி திருப்பிக் குழப்பாத மெஷின் வந்தால் பாஸுக்கும் வேலை சுகம்.

"கொழும்பில் பெரிய மெஷின் பத்து நிமிடத்தில் போட்டுத் தரும் பூவுக்கு லயத்தில் யார் கஷ்டப்படுவார்கள்" என்பது இன்னொரு பேச்சு. ஐந்து பெட்ஜுக்கும், ஒரு ப்ளவுஸ் கைக்கும், பிள்ளையின் பெயர் போட்ட ஒரு தொட்டில் துணிக்கும் யாரும் கொழும்புக்குப் போவதில்லை. அந்தச் சின்ன ஓடர்தான் இவர்களுடைய சந்தை. அதை அவர்கள் இழப்பது போட்டியால் இல்லை, நின்று போன மெஷினால்.

*கேட்பது பெரிதில்லை*

மெஷின் கொடுக்கிற நிறுவனங்களே, அரசியல்வாதிகளே, பள்ளிவாசல், கோயில், தேவாலய நலன்புரிக் குழுக்களே: பத்து மெஷின் கொடுக்கிற இடத்தில் ஒன்பது கொடுங்கள். மிஞ்சிய காசில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கெட் ஊசி, ஒரு தூரிகை, ஒரு போத்தல் மெஷின் எண்ணெய், சரியான பொபின் ஐந்து கொடுங்கள். அரை நாள் தமிழில் பழக்குங்கள். நல்ல மெஷினில் வேண்டுமென்றே நூலைப் பிழையாகக் கோர்த்து வைத்து, "எங்கே பிழை, கண்டுபிடி" என்று கேளுங்கள்.

என்னைப் போன்ற ஆசிரியர்களே: படத்தில் மெஷினின் பாகங்களுக்குப் பெயர் குறிக்கப் படிப்பிக்கிறோம். பிள்ளை டென்ஷன் தட்டு எது என்று காட்டுவாள், அது எதற்கு என்று கேட்டால் முழிப்பாள். ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்குங்கள். கண்ட இடத்தில் திருப்பாமல், காரணத்தைத் தேடி, ஒன்றொன்றாக மாற்றிப் பார்க்கும் பழக்கம் தையலுக்கு மட்டும் உதவுவதில்லை.

டவுனில் திருத்தும் பாஸ்மாரே: கூலி உங்கள் உரிமை, வாங்குங்கள். மெஷினைத் திருப்பிக் கொடுக்கும்போது என்ன பிழைத்திருந்தது என்று இரண்டு வார்த்தை சொல்லிக் கொடுங்கள்.

தைக்கிற சகோதரிகளே: இந்த ஆறையும் ஒரு தாளில் எழுதி மெஷினுக்கு மேலே சுவரில் ஒட்டுங்கள். மூலையில் நிற்கிற மெஷினை இந்த ஞாயிற்றுக்கிழமை எடுத்து, ஃபுட்டைத் தூக்கி, புது ஊசி போட்டு, திரும்ப நூல் கோர்த்துப் பாருங்கள். ஓடினால் அடுத்த காம்பராவில் இருக்கிறவருக்கும் காட்டிக் கொடுங்கள். ஓடாவிட்டால் மெஷின் பெயரையும், துணியின் பின்பக்கம் எப்படி இருக்கிறது என்ற ஒரு படத்தையும் கீழே போடுங்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். எனக்குத் தெரியாவிட்டால் இங்கே இருக்கிற தையல்கார நானாமார், ராத்தாமார், அக்காமார் யாராவது சொல்வார்கள்.

தேவைப்படுகிறவர்களுக்குப் போய்ச் சேரும்படி பகிருங்கள்.